கடல்தொட்டியில் ஒரு குருணை டிஏபி

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டுக் கூடத்தில் 200 லிட்டர் கடல்தொட்டி ஒன்று இருக்கிறது. இரண்டு கோமாளி மீன், நாலைந்து காளான் பவளம், சட்டைப் பொத்தான் மாதிரி விரியும் ஸூவாந்தஸ் என்ற பவள வகையில் ஒரு கூட்டம். அதை ஆரம்பித்த வருஷம், குறுவை நடவு நேரத்தில், உள்ளே இருந்த கல் முழுக்கப் பச்சை மயிர் முளைத்தது போலப் பாசி பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்த பெரியப்பா கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். "என்னடா தம்பி, அடியுரம் போட்ட வயல்ல பாசி கட்டுன மாதிரில்ல இருக்கு?" என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரி. நடவுக்கு முன் டிஏபி உரம் தூவித் தண்ணீர் கட்டினால், சில நாளில் தண்ணீர் மேல் பச்சை ஆடை படர்வதை டெல்டாவில் பார்க்காதவர்கள் குறைவு. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்கிறோமே, அதில் நடுவில் வரும் மணிச்சத்துதான் பாஸ்பரஸ். தண்ணீரில் கரைந்திருக்கும்போது அதன் வடிவம் பாஸ்பேட். நெல் நாற்று வேர் விடுவதற்கும் தூர் கட்டுவதற்கும் எது உதவுகிறதோ, அதையேதான் பாசியும் தேடுகிறது. வயலில் கொஞ்சம் கூடினால் பெரிய நஷ்டம் இல்லை. கடல்தொட்டியில் எவ்வளவு கூடினால் கெடுதல் என்பதைப் பார்த்தால்தான் இந்த விஷயத்தின் நுணுக்கம் புரியும்.

பவளப்பாறை வளரும் கடலில் மேல்மட்டத் தண்ணீரில் பாஸ்பேட் பெரும்பாலும் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கும் கீழே இருக்கும். தொட்டி வளர்ப்பவர்களில் பலர் 0.03-க்கும் 0.1-க்கும் இடையில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். இதை உர மூட்டையோடு வைத்துப் பாருங்கள். 50 கிலோ டிஏபி மூட்டையில் 46 சதவீதம் மணிச்சத்து என்று அச்சடித்திருப்பார்கள். அதைப் பாஸ்பேட் கணக்குக்கு மாற்றினால் சுமார் 31 கிலோ வரும். சொட்டுப் பாஸ்பேட்கூட இல்லாத 60 கோடி லிட்டர் தண்ணீரை 0.05 அளவுக்கு ஏற்ற அந்த ஒரு மூட்டை போதும். என் 200 லிட்டர் தொட்டியில் 0.05 என்றால் மொத்தமே 10 மில்லிகிராம். ஒரே ஒரு டிஏபி குருணையை உள்ளே போட்டாலும் அதைத் தாண்டிவிடும்.

சரி, தொட்டிக்குள் உரம் எப்படி வந்தது? தீவனத்தில் வந்தது. மீன் மாவில் செய்த உலர்தீவனத்தில், எலும்பும் முள்ளும் சேர்ந்து அரைபட்டிருப்பதால், பாஸ்பரஸ் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஒரு கிராம் தீவனம் போட்டால் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ், அதாவது 30 மில்லிகிராம் பாஸ்பேட். 200 லிட்டரில் அது 0.15. வளரும் குஞ்சு அதில் ஒரு பங்கை எலும்பாக்கிக்கொள்ளும். வளர்ந்து முடிந்த மீனோ தின்றதில் பெரும்பகுதியைக் கழிவாக வெளியே விட்டுவிடும். நைட்ரஜன் என்றால் ஆக்ஸிஜன் இல்லாத இடுக்குகளில் வாழும் பாக்டீரியா அதை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். பாஸ்பேட்டுக்கு அப்படி வாயுவாகிப் போகும் வழி இல்லை. நாமாக எடுத்து வெளியே போடும்வரை அது உள்ளேதான் எங்கேயாவது இருக்கும்.

உறையவைத்த இறாலை டீ வடிகட்டியில் போட்டு அலசிக் கொடுத்தால் பாஸ்பேட் பிரச்சினை தீரும் என்று பலர் சொல்வார்கள். நானும் பல மாதம் அலசினேன். அலசிய தண்ணீரோடு போவது கொஞ்சம்தான். சத்தில் பெரும்பங்கு சதையிலும் ஓட்டிலும் இருக்கிறது. அலசுவதால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது. தீவனத்துக்கு அடுத்த வழி ஊற்றும் தண்ணீர். போர் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும். ஆர்ஓ கருவியில் வடித்து, அதன்பின் அயனி நீக்கும் பிசின் வழியாகவும் விட்டு, கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டினால்தான் அதில் உப்பைக் கலக்கிறேன்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, நாகப்பட்டினத்திலோ தரங்கம்பாடியிலோ ஒரு கேன் பிடித்து வந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கடற்கரையில் நின்று பார்த்திருந்தால் கேட்க மாட்டார்கள். கரையை ஒட்டித் தண்ணீர் பழுப்பாகக் கிடக்கும். ஆற்று வண்டலில் ஒட்டிவரும் பாஸ்பேட்டில் ஒரு பகுதி உப்புநீரைத் தொட்டதும் கழன்று கடலில் கரையும். வண்டல், வெளிச்சம் புகாத கலங்கல், நன்னீர் இவையெல்லாம் சேரும் ஆற்று முகத்தில் பவளம் கட்டாது. அதனால்தான் பவளப்பாறை பார்க்க நாம் தெற்கே மண்டபம், மன்னார் வளைகுடா என்று போக வேண்டியிருக்கிறது. அங்கிருக்கும் கல்பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. யாராவது அதை உடைத்துக் கொண்டுவந்து மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். அது குற்றம் என்பது ஒருபுறம். அந்தப் பாறை மறுபடி அந்த உயரத்துக்கு வளர நம் ஆயுள் போதாது.

பாஸ்பேட் கூடினால் பாசி வரும் என்பது கண்ணுக்குத் தெரியும் கெடுதல். கண்ணுக்குத் தெரியாத கெடுதல் சுண்ணாம்பில் நடக்கிறது. கல்பவளமும், கல்மேல் ஊதா நிறத்தில் படரும் சுண்ணாம்புப் பாசியும், தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துப் படிகமாக அடுக்குகின்றன. செங்கல் அடுக்கும் கொத்தனார் மாதிரிதான். படிகத்தின் எந்த முனையில் அடுத்த கல் உட்கார வேண்டுமோ, அந்த முனையில் பாஸ்பேட் போய் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த கல் வைக்க இடம் இல்லாமல் கட்டுவேலை மெதுவாகிறது. அந்தப் பச்சைப் பாசிக் காலத்தில் என் தொட்டியில் ஊதாப் படலம் ஒரு நகக்கண் அகலம்கூடப் பரவவில்லை. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கும் சத்து மிகுந்துபோவதால், அது பெருகி, பவளத்தின் நிறமெல்லாம் மங்கிப் பழுப்பாகிறது.

தொட்டி அமைக்கும்போது, தொட்டியை மூடப்போகிற ஒருவரிடம் பழைய கல் வாங்கியிருந்தேன். பாசி வந்ததும் அளந்தேன்: 0.6. பாதித் தண்ணீரை மாற்றினேன், 0.3 ஆனது. நாலு நாள் கழித்து அளந்தால் 0.5! தீவனத்தைக் குறைத்திருந்தேன், மீனும் இரண்டே இரண்டு. டெஸ்ட் கிட் கெட்டுவிட்டதோ என்று வேறொன்று வாங்கி அளந்தேன். அதுவும் அதையே சொன்னது.

இதற்கும் விடை பெரியப்பாவின் வயலில்தான் இருந்தது. நாம் போடும் டிஏபியில் அந்தப் போகத்துப் பயிர் எடுத்துக்கொள்வது சிறுபங்குதான். மிச்சத்தை மண் பிடித்து வைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு உள்ள மண்ணில் கால்சியம் பிடிக்கும், மற்ற இடத்தில் இரும்பும் அலுமினியமும் பிடிக்கும். பூட்டிக் கிடக்கும் அந்த மணிச்சத்தைக் கரைத்து வேருக்குக் கொடுப்பதற்காகத்தான் பாஸ்போபாக்டீரியா கலந்து இடச் சொல்கிறார்கள். தொட்டியில் உள்ள கல்லும் சுண்ணாம்புதான், கால்சியம் கார்பனேட். துளையும் பொந்துமாக இருப்பதால் அதன் உள்பரப்பு ஏராளம். தண்ணீரில் பாஸ்பேட் ஏறும்போது கல் அதை இழுத்துக்கொள்ளும், இறங்கும்போது திருப்பிக் கொடுக்கும். நான் வாங்கி வந்தது பல வருஷத் தீவனத்தைத் தின்று தேக்கிய கல். அந்தக் கையிருப்பு வடியும்வரை தண்ணீரை எத்தனை முறை மாற்றினாலும் அளவு பழைய இடத்துக்கே ஏறி வரும். பழைய கல் வாங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது, அதைப் பாஸ்பேட் இல்லாத உப்புநீரில் தனியாக ஊறவைத்து, ஒரு வாரம் கழித்து அந்த நீரை அளந்து பாருங்கள் என்பதுதான்.

கல்லிலிருந்து வடிய வடியப் பிடிப்பதற்கு நான் வைத்தது ஜிஎஃப்ஓ, அதாவது கிரானுலர் ஃபெரிக் ஆக்சைடு. பெயர் பெரிதாக இருந்தாலும் பொருள் இரும்புத் துருதான், மிளகுக் குருணை போல உடைத்தது. டெல்டாவில் சில ஊர்களில் போர் தண்ணீர் குழாயில் தெளிவாக வந்து, வாளியில் ஒரு ராத்திரி இருந்தால் அடியில் செம்பழுப்பாகப் படியுமே, கிட்டத்தட்ட அதே சரக்கு. துருவின் பரப்பில் பாஸ்பேட் இறுக்கமாக ஒட்டும். பாஸ்பேட்டைப் போலவே உருவம் கொண்ட ஆர்சனேட்டும் ஒட்டும். குடிநீரில் ஆர்சனிக்கை வடிக்க இதே பொருளைப் பயன்படுத்துவது அதனால்தான். தண்ணீர் அதன் வழியே மெதுவாகப் போக வேண்டும், குருணை லேசாகப் புரள வேண்டும், கட்டிப்படக் கூடாது. கட்டிப்பட்டு உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை நெல் வயல் தினமும் காட்டுகிறது. தண்ணீர் கட்டிய சேற்றில் ஆக்ஸிஜன் தீர்ந்ததும், கரையாத இரும்பு கரையும் இரும்பாக மாறுகிறது. அது பிடித்து வைத்திருந்த பாஸ்பேட்டும் கூடவே விடுபடுகிறது. நெல்லுக்கு அது வரம். புன்செய்ப் பயிரைவிட நடவு நெல் மண்ணின் மணிச்சத்தைச் சுலபமாக எடுப்பதற்கு இது ஒரு காரணம். நமக்குத் தொட்டியில் அது வேண்டாம்.

அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லா முடிவும் இந்த எண்ணை வைத்துத்தான். கண்ணாடிக் குப்பியில் 10 மில்லி தொட்டி நீர் எடுத்து, பொடியைக் கொட்டி, இரண்டு நிமிஷம் குலுக்குகிறேன். பொடியில் மாலிப்டேட்டும் அமிலமும் வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலமும் இருக்கின்றன. பாஸ்பேட் மாலிப்டேட்டோடு சேர்ந்து ஒரு கூட்டாகிறது, வைட்டமின் சி அதை நீலமாக்குகிறது. 1962-ல் மர்ஃபி, ரைலி என்ற இருவர் கடல்நீருக்காக ஒழுங்குபடுத்திய முறை இது. மண் பரிசோதனைக் கூடத்தில் நம் வயல் மண்ணின் மணிச்சத்தைக் கணிப்பதும் இந்த நீலத்தை வைத்துத்தான். வயல் மண்ணில் நீலம் நன்றாகத் தெரியும். தொட்டி நீரில் 0.02-க்கும் 0.06-க்கும் உள்ள வித்தியாசத்தை வெறும் கண்ணால் சொல்ல முடியாது. வெள்ளைத் தாளின் மேல் குப்பியை வைத்து மேலிருந்து பார்த்தால், நீலம் இருக்கிறது என்று நாம் நினைப்பதால் இருப்பது போல ஒரு சாயல். அதனால் ஒளி அளக்கும் சின்ன மீட்டர் வாங்குவதில் கஞ்சம் பார்க்க வேண்டாம். குப்பியில் கைரேகை பட்டிருந்தால்கூட எண் மாறும், வேட்டித் துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். மீட்டர் பாஸ்பரஸ் கணக்கில் காட்டினால் 3.07-ஆல் பெருக்கினால் பாஸ்பேட் கிடைக்கும். இன்னொன்று, இது கரைந்த பாஸ்பேட்டை மட்டும்தான் சொல்லும். பாசி உடம்பில் இருப்பதும் கல்லில் ஒட்டியிருப்பதும் இதில் வராது. பாசி மண்டியிருக்கும்போது மீட்டர் 0.02 என்று காட்டினால், வருவதையெல்லாம் பாசி உடனுக்குடன் தின்கிறது என்றுதான் அர்த்தம்.

எனக்கு இரண்டாவது அடி விழுந்தது எதிர்ப்பக்கத்தில். கல் வடிந்து, பாசி போய், தண்ணீர் தெளிந்த பிறகும் ஜிஎஃப்ஓவைப் பழைய அளவிலேயே மாற்றிக்கொண்டிருந்தேன். மீட்டர் பூஜ்யம் காட்டியபோது சந்தோஷப்பட்டேன். மூன்று வாரத்தில் காளான் பவளம் சுருங்கி வெளிறியது. மணல்மேல் பழுப்பு நிறத்தில் சளி போல ஒரு படலம், அதில் நூல் நூலாகக் காற்றுக் குமிழி. ராத்திரியில் மறையும், விளக்குப் போட்ட இரண்டு மணி நேரத்தில் திரும்பி வரும். டைனோ என்று சொல்லும் நுண்ணுயிர் அது. சத்து வற்றிப்போய் மற்ற பாசியும் பாக்டீரியாவும் தளரும்போது அந்தக் காலி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பவளமும் அதன் உள்ளே இருக்கும் நுண்பாசியும் செல் சவ்வு கட்டவும், சக்தியைக் கையாளவும், மரபுப்பொருள் எழுதவும் பாஸ்பரஸ் இல்லாமல் முடியாது. கடலில் எண் குறைவாக இருந்தாலும், மிதக்கும் நுண்ணுயிர்களைப் பவளம் ஓயாமல் பிடித்துத் தின்கிறது. நம் தொட்டியில் அந்தச் சாப்பாடு இல்லை. ஜிஎஃப்ஓவை எடுத்துவிட்டுத் தீவனத்தைக் கூட்டினேன். அளவு 0.05-க்கு ஏறி, மணல் மறுபடி வெள்ளையாவதற்கு ஆறு வாரம் ஆனது. அன்றிலிருந்து எதைச் செய்தாலும் மெதுவாகத்தான் செய்கிறேன். பழைய அளவில் பாதிக்குப் பாதி ஜிஎஃப்ஓ, வாரம் ஒரு அளவு, எண்ணை நோட்டில் எழுதிவைப்பது.

லாந்தனம் குளோரைடு சொட்டுவது இன்னும் வேகமான வழி. பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும். அந்தப் பொடியை மெல்லிய வடிகட்டிப் பையில் பிடிக்காவிட்டால் மீனின் செவுளுக்கு ஆகாது, முக்கியமாக டேங் என்ற மீன் இனத்துக்கு. என்னைக் கேட்டால், சின்னத் தொட்டிக்கு அது வேண்டாம். நுரை கட்டி அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர் கருவி வேறு வகை. மதகில் விழும் தண்ணீரில் நுரை கட்டி ஒதுங்குவது போல, குமிழியில் ஒட்டும் அழுக்கை அது சுழற்றி மேலே தள்ளும். கரைந்த பாஸ்பேட்டை அது தொடாது. அழுக்கு அழுகிப் பாஸ்பேட்டாக உடைவதற்கு முன்பே வெளியேற்றிவிடும். அதனால் ஸ்கிம்மரின் கோப்பையில் சேரும் கறுப்புத் தண்ணீரைத் தவறாமல் கொட்ட வேண்டும்.

இப்போது என் தொட்டியில் முக்கால்வாசி வேலையைச் செய்வது கீட்டோ என்ற கடற்பாசி. கீழே சம்ப் என்ற துணைத்தொட்டியில் தனி அறையில், பச்சை நைலான் நூல் சிக்குண்டது போல ஒரு பந்து. மேலே விளக்கு அணையும்போது அதற்கு விளக்கு எரியும். கல்மேல் முளைக்க வேண்டிய பாசியை நமக்கு வசதியான இடத்தில் முளைக்க விடுகிறோம், அவ்வளவுதான். வளர்வதால் மட்டும் பாஸ்பேட் வெளியேறாது, பிய்த்து வெளியே எடுத்தால்தான் கணக்கு குறையும். ஒரு டன் நெல் களத்தைவிட்டுப் போகும்போது அதோடு சுமார் 2, 3 கிலோ பாஸ்பரஸ் வயலைவிட்டுப் போகிறது, அடுத்த போகத்துக்கு மறுபடி மூட்டை வாங்குகிறோம். இங்கே அந்த அறுவடைதான் நமக்கு வேண்டியது. நான் பதினைந்து நாளைக்கு ஒரு முறை பந்தில் பாதியைப் பிய்க்கிறேன்.

போன முறை பிய்த்ததைக் குப்பையில் போடப் போனபோது பெரியப்பா தடுத்தார். "அதுல மணிச்சத்து இருக்குன்னு நீதானடா சொன்ன? குடு இங்க." உப்பு போக மூன்று தண்ணீர் அலசிக் கொடுத்தேன். கொல்லையில் எருக்குழியில் போட்டு மேலே வைக்கோல் மூடினார்.