பேன் பார்ப்பதும் வெள்ளையணுவும்

ஒரு குரங்கு இன்னொரு குரங்குக்குப் பேன் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்திருப்பீர்கள். பார்க்கப்படும் குரங்கு கையைத் தூக்கி அக்குளைக் காட்டிக்கொண்டு, கண் செருகிக் கிடக்கும். மற்றது இரண்டு கையாலும் முடியை வகிர்ந்து, அகப்பட்டதைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்ளும். சற்றுத் தள்ளி மூன்றாவதாக ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கும். அதற்குப் பேன் பார்க்க யாரும் வருவதில்லை. கிட்டே போனால் பல்லைக் காட்டி விரட்டுகிறார்கள். அந்த மூன்றாவது குரங்கின் ரத்தத்துக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ரீசஸ் குரங்கு நம்மூர் நாட்டுக்குரங்குக்கு நெருங்கிய சொந்தம். வட இந்தியக் கோயில்களிலும் ரயில் நிலையங்களிலும் திரிவது இதுதான். இந்த இனத்துப் பெண்களுக்குள் கறாரான மேல்கீழ் வரிசை உண்டு. யார் முதலில் சாப்பிடுவது, யார் எழுந்து வழிவிடுவது, எல்லாம் அதன்படிதான். இயல்பான கூட்டத்தில் அம்மாவின் இடமே மகளுக்கும் வந்துசேரும். இங்கேதான் சிக்கல். கடைசி இடத்துக் குரங்கு நோஞ்சானாக இருந்தால், கீழே இருப்பதால் அப்படி ஆனதா, இல்லை நோஞ்சான் உடம்பும் கீழ் இடமும் சேர்ந்தே அம்மாவிடமிருந்து வந்தனவா? வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் இதைப் பிரித்தறிய முடியாது.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், எமரி பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் குரங்கின ஆய்வு மையத்தில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒன்றையொன்று அறியாத 45 பெண் குரங்குகள். ஐந்தைந்தாக ஒன்பது குழுக்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உள்ளே விடவில்லை, ஒன்றன்பின் ஒன்றாக விட்டார்கள். முதலில் வந்தது பெரும்பாலும் மேலே போய்விடும், கடைசியாக வந்தது அடியில் தங்கிவிடும். பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிப்பது மாதிரி, வந்த வரிசைதான் இடத்தைத் தீர்மானித்தது. பிறப்பும் அம்மாவும் கணக்கிலேயே வரவில்லை. சாப்பாடும் வைத்தியமும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

பிறகு ரத்தம் எடுத்தார்கள். பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து பிரித்த ஒரு பொருளை அந்த ரத்தத்தில் கலந்தார்கள். அதைத் தொட்டதும் வெள்ளையணுக்கள் 'கிருமி வந்துவிட்டது' என்று எண்ணி வேலையைத் தொடங்கிவிடும். இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. அந்தப் பொருளைக் கண்டுகொள்ளும் உணரி செல்லின் மேற்பரப்பில் இருக்கிறது. அங்கிருந்து செல்லுக்குள் செய்தி இரண்டு வழிகளில் பிரிந்து போகும். ஒரு வழி பாக்டீரியாவை எதிர்க்கிற அழற்சியை, அதாவது வீக்கத்தையும் சூட்டையும், மூட்டிவிடும். இன்னொன்று வைரஸை எதிர்க்கிற மரபணுக்களை எழுப்பும். அடியில் இருந்த குரங்குகளின் செல்கள் முதல் வழியில் வேகமாக ஓடின. மேலே இருந்தவற்றின் செல்கள் இரண்டாவது வழிப் பக்கம் சாய்ந்தன. உணரியும் ஒன்று, கலந்த பொருளும் ஒன்று. வேறுபாடு குழுவில் யார் எந்த இடம் என்பதில் மட்டுமே.

அதோடு நிறுத்தவில்லை. ஓர் ஆண்டுக்குப் பிறகு குழுக்களைக் கலைத்து மாற்றியமைத்தார்கள். மேலிடத்துக் குரங்குகளையெல்லாம் ஒன்றாகப் போட்டால் அவற்றில் சில கீழே இறங்கித்தானே ஆக வேண்டும்? அடியில் கிடந்தவற்றைச் சேர்த்தால் யாராவது ஒன்று மேலே ஏறியாக வேண்டும். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால், பெரும்பாலான மரபணுக்களின் செயல்பாடு புது இடத்துக்கு ஏற்றபடி மாறியிருந்தது. பழைய வாழ்க்கையின் தடம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதாகப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஆனாலும் முதலில் இதைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. பட்ட அடி அப்படியே கல்வெட்டாகிவிடவில்லை.

உடம்பு ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? அடிக்கடி கடிபடுகிற பிராணிக்குப் புண்ணில் பாக்டீரியா புகும் அபாயம் அதிகம், அதற்கு உடம்பு முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கிறது என்பது ஒரு விளக்கம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் அழற்சி தணியாமல் நாள்பட நீடித்தால் சொந்த ரத்தக் குழாய்களையே அரிக்கத் தொடங்கும். வழக்கமாக கார்டிசால் வகை ஹார்மோன்கள் 'போதும், நிறுத்து' என்று அதை அடக்கும். சண்டையில் திரும்பத் திரும்பத் தோற்ற சுண்டெலிகளின் செல்களோ அந்தச் சொல்லைக் காதில் வாங்குவதில்லை. குரங்குகளில் இன்னொன்றும் தெரிந்தது. இயற்கைக் கொல்லி செல்கள் என்ற வெள்ளையணுக்களில்தான் இடத்தின் பாதிப்பு மிக அதிகம். அதில் ஒரு பகுதிக்கு, பேன் பார்த்துவிட ஆள் இருக்கிறதா இல்லையா என்பதே காரணம்.

சரி, இதெல்லாம் கூண்டுக்குள் நடந்தது. வெளியே?

கரீபியக் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோவின் கரையோரம் காயோ சான்டியாகோ என்று ஒரு குட்டித் தீவு. 1938-இல் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிப்போய் அங்கே விட்டவை 409 ரீசஸ் குரங்குகள். இன்று இருப்பவை அவற்றின் வாரிசுகள். 2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் அந்தத் தீவைப் புரட்டிப்போட்டது. பச்சையில் 63 சதவீதம் போயிற்று. நிழலில்லாத இடங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. புயலுக்கு முன்னும் பின்னும் எடுத்த ரத்தத்தை ஒப்பிட்டார்கள். தப்பிப் பிழைத்த குரங்குகளின் நோய் எதிர்ப்பு மண்டலம் சராசரியாக இரண்டு ஆண்டு கூடுதலாக முதுமை அடைந்திருந்தது. மனிதக் கணக்கில் ஏழெட்டு ஆண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

புயலுக்குப் பின் நடத்தையும் மாறியது. மிச்சமிருந்த நிழல் கொஞ்சம்தான், அதற்காக வெட்டுக்குத்து நடக்கும் என்றுதான் ஆய்வாளர்கள் நினைத்தார்கள். நடந்ததோ நேர்மாறு. முன்பு அண்டவிடாத குரங்குகள் ஒரே கீற்று நிழலில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தன. புயலுக்கு முன் தனியாகத் திரிந்தவைதான் அதிகமாகப் புதுச் சேர்க்கை பிடித்தன. பக்கத்தில் இன்னொன்றைப் பொறுத்துக்கொண்ட குரங்குகளுக்குச் சாகும் அபாயம் 42 சதவீதம் குறைந்தது. அப்புறம் அந்தப் பழக்கம் உச்சி வெயிலோடு நிற்கவில்லை. வெயில் ஏறாத, நிழலே தேவைப்படாத காலை நேரத்திலும் அவை சேர்ந்து உட்கார ஆரம்பித்துவிட்டன.