இதய மாற்று: வயதைச் சொல்லிக் கதவை மூடாதீர்கள்

"இந்த வயசுல இதயத்தை மாத்துவாங்களா டாக்டர்? ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்." இப்படி வருகிறவர்களில் பெரும்பாலானோர் கேட்க வேண்டிய காலம் கடந்த பிறகுதான் வருகிறார்கள். அண்மையில் வந்த பெரியவருக்கு வயது 66. இதயத்தின் பம்பிங் திறன் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கி நெடுநாள் ஆகியிருந்தது. மூச்சுத் திணறலோடு திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் நீர் மாத்திரையைக் கூட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "அறுபதைத் தாண்டிட்டா அதெல்லாம் செய்ய மாட்டாங்கன்னு சொன்னாங்க" என்றார் மகன். யார் சொன்னது என்று கேட்டேன். உறவினர் ஒருவர், அப்புறம் ஒரு மருத்துவரும்.

எங்களிடம் வந்தபோது சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுது. தொடைச் சதை கரைந்திருந்தது. நுரையீரல் ரத்தக் குழாய்களில் ஏறிய அழுத்தம் மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. அந்த அழுத்தத்தை எதிர்த்துப் புது இதயத்தின் வலப்பக்கத்தால் ரத்தத்தைத் தள்ள முடியாது. அவருடைய வயதை நாங்கள் ஒரு காரணமாக எழுதவே இல்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் மாற்று இதயத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் சேர்ப்பது பற்றியாவது பேசியிருக்கலாம்.

சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, இருந்தாலும் மறுபடி சொல்கிறேன். அறுபது வயது இதய மாற்றுக்குத் தடை இல்லை. அறுபத்தைந்தும் தடை இல்லை. இதய, நுரையீரல் மாற்றுக்கான பன்னாட்டு மருத்துவச் சங்கம் 2006-லேயே 70 வயது வரை உள்ளவர்களைப் பரிசீலிக்கலாம் என்று எழுதிவிட்டது. எழுபதைக் கடந்தவர்களையும் கவனமாகத் தேர்ந்தெடுத்துச் செய்யலாம் என்கிறது அதே வழிகாட்டுதல்.

பிறகு இந்த 'அறுபது' எங்கிருந்து வந்தது? பழைய காலத்திலிருந்துதான். 1967 டிசம்பர் 3 அன்று கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்டு முதல் மனித இதய மாற்றைச் செய்தார். நோயாளி 18 நாள் வாழ்ந்து நிமோனியாவில் இறந்தார். புது இதயத்தை உடல் நிராகரிப்பதைத் தடுக்கக் கொடுத்த மருந்துகள், கிருமியை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்தே அடக்கின. 1980-களில் சைக்ளோஸ்போரின் என்ற புதிய நிராகரிப்புத் தடுப்பு மருந்து பரவலாகும் வரை கிட்டத்தட்ட அதுதான் நிலைமை. அன்றைக்கு 50, 55 என்று வயது வரம்பு வைத்ததில் நியாயம் இருந்தது. மருந்து மாறிவிட்டது, கருவிகள் மாறிவிட்டன. வரம்பை மட்டும் இன்னும் மனப்பாடமாக வைத்திருந்தால் எப்படி?

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வயதாக ஆக நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேகம் தணிகிறது. அதனால் புது இதயத்தை உடல் நிராகரிப்பது இளையவர்களைவிடப் பெரியவர்களிடம் குறைவு. அதே காரணத்தால் நோய்த்தொற்று, புற்றுநோய், சிறுநீரகப் பாதிப்பு மூன்றும் அவர்களுக்கு அதிகம். இந்த இரண்டு பக்கத்தையும் எடைபோடுவதுதான் எங்கள் வேலை. பிறந்த தேதியைப் பார்த்து அதைச் செய்ய முடியாது.

நாங்கள் பார்ப்பது உடல் தளர்ச்சியை. அறைக்குள் நுழையும்போதே கவனிக்கத் தொடங்கிவிடுவோம். கதவிலிருந்து நாற்காலி வரை எப்படி நடக்கிறார்? எழும்போது கையை ஊன்றுகிறாரா? ஐந்து மீட்டர் நடக்க ஆறு விநாடிக்கு மேல் ஆனால் யோசிக்க வேண்டியிருக்கிறது. கைப்பிடி வலிமையை ஒரு சிறு கருவியால் அளக்கிறோம். எழுபது வயதில் இதையெல்லாம் சுலபமாகத் தாண்டுகிறவர்கள் உண்டு. ஐம்பத்தைந்தில் தடுமாறுகிறவர்களும் உண்டு.

இதில் குடும்பத்தார் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது: எடை. "எடை குறையவே இல்லை டாக்டர், போன வருஷம் இருந்த அதே எடைதான்" என்பார்கள் நிம்மதியாக. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். நெற்றிப்பொட்டு உள்வாங்கியிருக்கும், சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று தொங்கும். கரைந்த சதையின் இடத்தை நீர் நிரப்பியிருக்கிறது, எடைக் கருவிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நீரை வெளியேற்றிய பிறகுதான் உண்மையான எடை தெரிகிறது.

அடுத்து, "எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை" என்ற பதிலை நம்பாதீர்கள். முதலில் மாடி ஏறுவதை நிறுத்துவார். பிறகு தெருமுனை வரை போவதை. பிறகு உட்கார்ந்து குளிப்பார், தலையணையை ஒன்றுக்கு மூன்றாக வைத்துப் படுப்பார். எதையும் செய்யாத மனிதருக்கு மூச்சு வாங்காதுதான். எதையெல்லாம் நிறுத்திவிட்டார் என்று கேளுங்கள்.

எப்போது இதய மாற்றுக் குழுவைப் பார்க்க வேண்டும்? ஒரே வருடத்தில் இதயச் செயலிழப்புக்காக இரண்டாவது முறை மருத்துவமனையில் சேர்ந்தால். நீர் மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போனால். ரத்த அழுத்தம் குறைந்து, இதய மருந்துகளைத் தாங்க முடியாமல் ஒவ்வொன்றாக நிறுத்த நேர்ந்தால். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் ஏறத் தொடங்கினால். இதயத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்ய உடலுக்குள் பொருத்தியிருக்கும் ஐசிடி கருவி அடிக்கடி ஷாக் கொடுத்தால். இவற்றில் ஒன்று போதும், எல்லாம் சேரும் வரை காத்திருக்காதீர்கள். பார்க்க வந்தாலே அறுவை சிகிச்சை என்று அர்த்தமில்லை. மருந்தைச் சீராக்கியதிலேயே தேறி, பட்டியல் பக்கமே போகத் தேவையில்லாதவர்களும் இருக்கிறார்கள். செயற்கை பம்பான எல்விஏடி சிலருக்குப் பொருந்தும். ஆனால் அதற்கும் இதயத்தின் வலப்பக்கத்தில் தெம்பு மிச்சமிருக்க வேண்டும், அங்கேயும் தாமதம்தான் எதிரி.

எதிர்ப்பக்க மயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். புது இதயம் வந்ததும் மாத்திரை எல்லாம் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. டாக்ரோலிமஸ் போன்ற நிராகரிப்புத் தடுப்பு மருந்துகளை வாழ்நாள் முழுக்கக் குறித்த நேரத்தில் போட வேண்டும். அவை சர்க்கரையைக் கூட்டும், சிறுநீரகத்தைச் சோதிக்கும், கை நடுக்கம் கொடுக்கும். முதல் வருடத்தில் கழுத்து ரத்தக்குழாய் வழியாக இதயத் தசையைப் பலமுறை கிள்ளிப் பரிசோதிப்போம். மூலிகை என்று எதையும் எங்களைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. மருந்துக் கடையில் தானாக வாங்கும் ஆன்டிபயாடிக்கும் கூடாது. கிளாரித்ரோமைசின் ஒன்றே டாக்ரோலிமஸ் அளவை ஆபத்தான உயரத்துக்கு ஏற்றிவிடும். மாற்றிய இதயத்துக்கு நரம்பு இணைப்பு அறுந்திருப்பதால், அதன் ரத்தக்குழாய் அடைத்தாலும் பெரும்பாலும் நெஞ்சு வலிக்காது. வலி இல்லை என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். புகைப்பழக்கத்தை மறைக்காதீர்கள். வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்வது யார் என்று நாங்கள் கேட்டால் ஒரு பெயரைச் சொல்லுங்கள். "எல்லாரும் பாத்துக்குவோம்" என்ற பதில் எங்களுக்குப் போதாது.

பெரியவர்களே தயங்கிக் கேட்கும் கேள்வி வேறு: "ஒரு சின்னப் பிள்ளைக்குப் போக வேண்டிய இதயத்தை நான் வாங்கிக்கலாமா?" ஐயா, அம்மா, இந்தப் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டாம். ரத்த வகை, உடல் அளவு, அவசரம், காத்திருந்த காலம் எல்லாம் பொருந்த வேண்டும். எடுத்த இதயத்தைப் பனிக்குளிரில் வைத்தால் சுமார் நான்கு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். பொருந்தாத இதயம் இளையவருக்கும் பயன்படாது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 1992-லேயே, மற்றவர்களுக்கு ஏற்காமல் விடப்பட்ட இதயங்களை வயது கூடியவர்களுக்குப் பொருத்த ஒரு தனிப் பட்டியல் தொடங்கினார்கள். நியாயத்தைப் பார்க்கும் பொறுப்பு எங்களுடையது.

பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அப்பா அம்மா சார்பில் நீங்களே 'வேண்டாம்' என்று முடிவெடுத்துவிட்டு வராதீர்கள். அவரைத் தனியாக எங்களோடு பேச விடுங்கள். முழு விவரமும் தெரிந்த பிறகு அவரே வேண்டாம் என்றால் அதை மதிப்போம். மூச்சுத் திணறலையும் வலியையும் தணிப்பதற்கென்றே வலிதணிப்பு மருத்துவக் குழு இருக்கிறது. அந்தச் சந்திப்பையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல், அவர் எழுந்து உட்கார்ந்து பேசும் நிலையில் இருக்கும்போதே வைத்துக்கொள்ளுங்கள்.