பில்லில் அச்சாகாத வரி

"என் வருமானம் வரம்புக்குக் கீழேதான் சார், நான் வரியே கட்டுவதில்லை." வரி ஆலோசகராக இருப்பதால் இதை அடிக்கடி கேட்கிறேன். கட்டுகிறார்கள், தெரிவதில்லை, அவ்வளவுதான். ஜிஎஸ்டியாவது பில்லில் அச்சாகிறது, இறக்குமதிச் சரக்குக்குப் போடும் சுங்கத் தீர்வை அதுவும் இல்லை. இதை விளக்க எனக்குக் கைகொடுப்பது நூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலி.

1887-ல் இத்தாலி இறக்குமதித் தீர்வைகளை ஏற்றியது. கோதுமைக்கு 1895-ல் குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, 7.5 லிரா. உள்நாட்டு விளைச்சலைக் காக்கத்தான் என்றார்கள். சரி, கணக்குப் போடுவோம். ஓர் ஊருக்கு 10 குவிண்டால் தேவை, அதில் 2 வெளிநாட்டுச் சரக்கு என்று வையுங்கள். தீர்வை முழுக்க விலையில் ஏறினால் ஜனங்கள் கூடுதலாகக் கொடுப்பது 75 லிரா. கஜானாவுக்குப் போவது 15. உள்ளூர்க் கோதுமையும் அதே விலைக்கு விற்பதால் மிச்சம் 60 நிலம் வைத்திருப்பவருக்கு. எந்த பட்ஜெட்டிலும் அந்த 60 வராது.

இதை எதிர்த்த அந்தோனியோ தெ விதி தெ மார்கோ, தெற்கே புலியாவில் நிலபுலன் உள்ள பிரபு குடும்பத்துக்காரர்! ரோமில் பொதுநிதிப் பேராசிரியர். 1890-ல் பொருளியலாளர் மாஃபேயோ பந்தலெயோனி முதலியோரோடு சேர்ந்து ஒரு பொருளியல் இதழையே வாங்கி நடத்தினார். அவர் ஊர் பட்ட அடி அப்படி. பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி அழித்தபோது, அந்தச் சந்தையை நம்பிப் புலியாவில் கொடி போட்டார்கள். 1888-ல் இரு நாடுகளும் தீர்வைச் சண்டையில் இறங்க, ஒயின் தேங்கிப்போனது. தீர்வையால் ஆதாயம் வடக்கத்தி ஆலைகளுக்கு, நஷ்டம் தெற்குக்கு.

இன்னொரு இத்தாலியப் பொருளியலாளர் அமில்காரே புவியானி 1903-ல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். வரியை விலைக்குள் கரைப்பது, சில்லறை சில்லறையாகப் பிடிப்பது, தற்காலிகம் என்று ஆரம்பித்து நீட்டிப்பது என்று, வலி தெரியாமல் வசூலிக்கும் வழிகளை வகைப்படுத்தினார். என் தொழிலில் இருப்பவர்கள் அவசியம் படிக்கவேண்டிய ஆள். தூரின் நகரப் பேராசிரியர் லுயிஜி எயினாவுதியோ இந்த மாதிரிக் கணக்குகளை நாளிதழிலேயே எழுதி, சாதாரண வாசகரிடம் கொண்டுபோனார்.

இவர்களைத் தலையில் வைத்து ஆடவும் வேண்டாம். பந்தலெயோனி பாசிசத்தின் பக்கம் போனார். செலவைக் குறைக்கிறார்களே என்று எயினாவுதியும் ஆரம்பத்தில் முசோலினி அரசை வரவேற்றார், பிறகுதான் எதிரானார். முதல் உலகப் போரின்போது நிறுத்திவைத்த கோதுமைத் தீர்வை 1925-ல் திரும்ப வந்தது. அதே வருடம்தான் எயினாவுதி அந்த நாளிதழில் எழுதுவதும் நின்றது.

1931-ல் பேராசிரியர்கள் ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கவேண்டும் என்று உத்தரவு. 1,200-க்கும் மேற்பட்டவர்களில் மறுத்தவர்கள் ஏறக்குறைய ஒரு டஜன். எயினாவுதி எடுத்துக்கொண்டார், அவர் நடத்திய இதழை 1935-ல் அரசே மூடியது. தெ விதி தெ மார்கோ பிரமாணம் எடுக்காமல் பதவியை விட்டு விலகினார்.