பைஸ்டாண்டர்: உறவினரா, உடனிருப்பவரா?

நாகர்கோவில் பக்கம் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், வீட்டில் முதலில் அடிபடும் ஊர்ப்பெயர் திருவனந்தபுரம். 1981இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம் அங்கேதான் இருக்கிறது. நமக்குச் சென்னையைவிடவும் மதுரையைவிடவும் பக்கம். அடுத்த கேள்வி, "பைஸ்டாண்டரா ஆரு நிக்கா?"

நோயாளியோடு ஆஸ்பத்திரியில் தங்கிப் பார்த்துக்கொள்பவர்தான் பைஸ்டாண்டர். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் அட்டெண்டர் என்பார்கள். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆனாலும் வைத்தியத்துக்குக் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டிப் போவது நிற்கவில்லை. கேரள ஆஸ்பத்திரிகளில் புழங்கும் சொல் நம் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

ஆங்கிலத்தில் 'பை' என்றால் பக்கத்தில், 'ஸ்டாண்டர்' என்றால் நிற்பவர். அந்த மொழிக்காரர்கள் விபத்தை நின்று பார்த்துவிட்டுப் போகிறவரைத்தான் இப்படிச் சொல்வார்கள். இங்கே வந்ததும் பொருள் தலைகீழாகிவிட்டது. ராத்திரி வாந்திக்குப் பாத்திரம் பிடிப்பவர், ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைபவர், மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்பவர் எல்லாம் நமக்குப் பைஸ்டாண்டர். மலையாளத்தில் இதற்குக் கூட்டிரிப்புகாரர் என்று அழகான சொந்தச் சொல்லே உண்டு.

தமிழிலும் உண்டு, அதுவும் மிகப் பழையது. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் கடைசிக் குறள் (950) மருத்துவத்தின் நான்கு உறுப்புகளைச் சொல்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உழைச்செல்வான். 'உழை' என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரை வள்ளுவர் மருத்துவரோடும் மருந்தோடும் ஒரே வரிசையில் வைக்கிறார். உறவுமுறை எதையும் அவர் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிப் படிவம் கேட்கிறது. அம்மாவுக்குக் கீமோ நடந்த மாதங்களில் ஒரு வராந்தாவில் இரண்டு இளைஞர்களோடு பழக்கமானது. ஒருவனுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். பாஸ் வாங்கும் தாளில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம். கூட வந்தவன் பேனாவைக் கட்டத்துக்கு மேலேயே கொஞ்ச நேரம் பிடித்திருந்தான். அப்புறம் 'அண்ணன்' என்று எழுதினான். அடுத்த முறை அப்பா பெயரைக் கேட்டார்கள். இருவரும் வேறு வேறு பெயர் சொல்லிவிட்டார்கள். "வீட்டு ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். கீமோ ஒரு வாரம் தள்ளிப்போனது. தாங்கள் காதலர்கள் என்று என் அம்மாவிடம்தான் முதலில் சொன்னார்கள். அம்மா கூட வந்தவன் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியா மக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

தன்பாலீர்ப்பு உள்ளவர், திருநர் போன்ற பால்புதுமையின இளைஞர்களுக்கு இப்படித் தடுக்கும் இடங்கள் நிறைய. முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்ப அட்டை வேண்டும். வீட்டைவிட்டு வந்தவனின் பெயர் அப்பா வீட்டு அட்டையில் கிடக்கிறது. பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிக்குக் கருப்பை வாய் இருந்தால் அங்கே புற்றுநோயும் வரலாம். ஆனால் ஆண் என்று பதிவானவரைப் பரிசோதனைக்கு யாரும் கூப்பிடுவதில்லை, பெண்கள் பிரிவு வரிசையில் போய் நிற்க அவருக்கும் மனம் வராது. அதற்குள் நோய் முற்றிவிடக்கூடும்.

சட்டம் இவர்களுக்குக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் இருக்கிறது. சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் சிகிச்சைக்கு அவருடைய சம்மதமே வேண்டும், தாயின் கையெழுத்து அதற்கு ஈடாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாக்கியது. திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்றில்லை, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. கவுன்ட்டரில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டுமே!

சரி, தமிழில் எப்படி எழுதலாம்? 'உறவினர்' வேண்டாம், ரத்த உறவு, கல்யாண உறவு இரண்டையும் தாண்டி அது போகாது. 'அட்டெண்டர்' என்றால் அலுவலகத்தில் கோப்பு தூக்குபவரும் வந்துவிடுவார். 'உழைச்செல்வான்' இன்று படிவத்தில் புரியாது. 'உடனிருப்பவர்' என்பதே பொருத்தம். ஆண், பெண், திருநர் எல்லோருக்கும் பொருந்தும். படிவத்தில் 'உடனிருப்பவர் பெயர்', 'தொலைபேசி எண்' என்று இரண்டு கட்டங்கள் போதும், உறவுக் கட்டத்தை எடுத்துவிடலாம். "14ஆம் படுக்கைக்கு உடனிருப்பவர் வரவும்" என்று மைக்கில் கூப்பிட்டால், அந்தப் பையன் அண்ணன் வேஷம் போடாமல் எழுந்து போகலாம்.