சீஷி

தமிழ் வேதாகமத்தைப் பலமுறை படித்தவர்கள்கூட இந்தச் சொல்லைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கலாம். அப்போஸ்தலர் நடபடிகள் 9:36இல், யோப்பா பட்டணத்துத் தபீத்தாளைக் குறிக்க வருகிறது. பெண் சீடர் என்பது பொருள்.

கிரேக்க மூலத்தில் இருப்பது ‘மதேத்ரியா’. ‘மதேதேஸ்’ என்ற ஆண்பால் சொல்லின் பெண்பால். புதிய ஏற்பாட்டில் மதேதேஸ் 250 முறைக்கு மேல் வருகிறது; மதேத்ரியா ஒரே ஒரு முறைதான். மகதலேனா மரியாளும் யோவன்னாளும் சூசன்னாளும் இயேசுவோடு ஊர் ஊராகப் போனவர்கள். அவர்களுக்குக்கூட, சுவிசேஷத்தையும் நடபடிகளையும் எழுதிய லூக்கா இந்தச் சொல்லைத் தரவில்லை.

தபீத்தாள் என்பது அரமேயப் பெயர், கிரேக்கத்தில் தொற்காள். இரண்டுக்கும் மான் என்று அர்த்தம். அவள் இறந்தபோது, தங்களுக்கு அவள் செய்து கொடுத்த உடைகளைக் காட்டி விதவைகள் அழுதார்கள். லித்தாவிலிருந்து வந்த பேதுரு ஜெபம்பண்ணி அவளை எழுப்பினார். பிற்காலத்தில் இந்தத் தையல்தான் நிலைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்த பெண்கள் சங்கங்களுக்கு அவள் பெயரையே வைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனாலும் எனக்கு மனக்குறை உண்டு. லூக்கா அவள் தைத்ததைச் சொல்வதற்கு முன்பே அவளைச் சீஷி என்கிறார். இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று ஒரு வார்த்தையும் இல்லை. சபையில் அவளுடைய முதல் அடையாளம் அந்தச் சொல்தான்.

சரி, சொல்லின் வேர் என்ன? மதேத்ரியா ‘கற்றுக்கொள்’ என்னும் கிரேக்க வினையிலிருந்து பிறந்தது. சீஷி வடமொழி ‘சிஷ்யா’வின் தமிழ் வடிவம், அதன் வேருக்குக் ‘கற்பித்தல், நெறிப்படுத்தல்’ என்று பொருள். கிரேக்கம் கற்பவளைப் பார்க்கிறது, வடமொழி கற்பிக்கப்படுபவளைப் பார்க்கிறது.

மதேத்ரியாவுக்குத் தமிழில் ‘மாணாக்கி’ என்பதே பொருந்தும் என்பேன். ஆசானிடம் பாடம் கேட்பவரை நன்னூல் மாணாக்கன் என்றுதான் சொல்கிறது. ‘மாணவி’ என்றால் பள்ளிச் சீருடைதான் நினைவுக்கு வரும். ‘சீடர்’ மரியாதையான சொல், ஆனால் ஆணா பெண்ணா என்று காட்டாது. அதனால் ‘பெண்’ என்று முன்னால் ஒட்டவேண்டியிருக்கிறது. லூக்கா ஒரே சொல்லில் சொன்னதை மாணாக்கியும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. பலரைக் குறிக்கும்போது மாணாக்கியர்.