உடற்கூராய்வு அறிக்கை ஏன் தாமதமாகிறது?

பிரேத பரிசோதனை முடிந்ததும் உடல் ஒப்படைக்கப்பட்டுவிடுகிறது. அறிக்கைக்காக மட்டும் குடும்பத்தார் மாதக்கணக்கில் அலைகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் சட்ட மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில், இந்த அலைச்சலில் கணிசமான பகுதி எங்கள் தரப்புப் பழக்கத்தால் வருவது என்றே சொல்வேன்.

இறப்பின் காரணம் கண்ணுக்குப் புலப்படாதபோது, இரைப்பையும் அதில் உள்ளவையும், சிறுகுடலின் ஒரு பகுதி, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றை உப்புக் கரைசலில் இட்டு, ரத்தத்தைத் தனிக் குப்பியில் எடுத்து, முத்திரையிட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். முடிவு வரும்வரை, வேதிப் பரிசோதனைக்காகக் கருத்து நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்ற வரியோடு அறிக்கை நிற்கும். பூச்சிமருந்து குடித்ததாகச் சந்தேகிக்கப்படும் இறப்பில் இது நியாயமே. ஆனால் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எல்லா உடலிலும் உள்ளுறுப்பு எடுப்பதால், உண்மையில் அவசரமானவையும் ஆய்வக வரிசையில் பின்னால் போய்விடுகின்றன.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளலாம். வயலில் கடிபட்டு, விஷமுறிவு மருந்து ஏற்றப்பட்டும் இறந்தவரின் சிகிச்சைக் குறிப்பேட்டில், காலில் இருந்த கடித்தடமும் வீக்கமும், கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்தும் ரத்தம் உறையாததும் பதிவாகியிருக்கும். காரணத்தை எழுத இவையே போதும். வழக்கமான வேதிப் பரிசோதனை பூச்சிமருந்தையும் மதுவையும் மாத்திரைகளையும் தேடுமே தவிர, பாம்பு நஞ்சைத் தேடாது. ஆகவே பல மாதம் கழித்து ‘நஞ்சு எதுவும் இல்லை’ என்று முடிவு வரும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனம் விபத்து இழப்பீட்டை மறுக்கவும் கூடும். காத்திருந்த குடும்பத்துக்குக் கிடைப்பது இன்னொரு வழக்கு.

சாலை விபத்தில் இந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விபத்து நடந்த 15 நாளுக்குள் உடற்கூராய்வு அறிக்கையை மருத்துவமனை புலனாய்வு அதிகாரிக்குத் தந்தாக வேண்டும். கொலை வழக்கிலோ, 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் கைதானவர் உரிமையாகவே ஜாமீன் கேட்கலாம் என்பதால், எங்கள் மேசையில் கிடக்கும் காகிதத்துக்கும் கெடு உண்டு.

ஆய்வகம் முடிவை அனுப்பிய பிறகும் தாமதம் ஓய்வதில்லை. அந்த முடிவு காவல் நிலையக் கோப்பிலோ நீதிமன்றத்திலோ தங்கிவிட்டால், பரிசோதித்த மருத்துவருக்கு அது வந்ததே தெரியாது. இதற்குள் அவருக்கு இடமாறுதலும் வந்துவிட்டால், இறுதிக் கருத்தில் கையெழுத்து வாங்கக் காவலர் வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டியிருக்கும். பிணவறை வாசலில் ‘சீக்கிரம் வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்பவரால் இதில் எதையும் நகர்த்த முடியாது.

குடும்பத்தார் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியவை: உடற்கூராய்வு எண், முதல் தகவல் அறிக்கை எண், உள்ளுறுப்புகள் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்ட தேதி. ‘அறிக்கை வந்துவிட்டதா?’ என்று பொதுவாகக் கேட்காமல், ஆய்வக முடிவு மருத்துவர் கைக்குப் போய்விட்டதா என்று விசாரணை அதிகாரியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.