பின்சோதனையா, பழந்தரவுச் சோதனையா?

பங்குச் சந்தை வகுப்பெடுக்கும் யூடியூபர் ஒருவர் நேற்றும் சொன்னார்: "இந்த 20 பங்கும் பின்சோதனையில் தேறியவை. அல்கோவில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்." இந்தப் 'பின்சோதனை'யை இந்த மாதத்தில் எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

அல்கோ என்பது எழுதிவைத்த விதிப்படி தானாகப் பங்கு வாங்கி விற்கும் கணினி நிரல். பின்சோதனை என்று அவர் சொல்வது பேக்டெஸ்டிங். பேக் என்றால் பின், டெஸ்ட் என்றால் சோதனை, ஒட்டினால் வேலை முடிந்தது. டெஸ்ட் என்ற சொல், உலோகத்தை உருக்கித் தரம் பார்க்கும் மண்சட்டியின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. நம் உரைகல்லுக்குத் தூரத்துச் சொந்தம். பேக்டெஸ்டிங்கின் பொருள் இவ்வளவுதான்: 'கடந்த 50 நாள் விலையின் சராசரி 200 நாள் சராசரியைத் தாண்டி மேலே போனால் வாங்கு, கீழே இறங்கினால் விற்றுவிடு' என்று நிரலுக்கு ஒரு விதி எழுதுகிறோம். அதைப் பழைய விலைகளின் மேல் ஓட்டி, அன்றைக்கே இப்படிச் செய்திருந்தால் எந்தப் பங்கில் எவ்வளவு வந்திருக்கும், எவ்வளவு போயிருக்கும் என்று பார்க்கிறோம். தேறியவற்றை நிரலிடம் ஒப்படைக்கிறோம்.

இதற்குப் 'பின்சோதனை' ஏன் ஆகாது? வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவிடம் இந்தச் சொல்லைச் சொன்னதும், "பங்கை வாங்கின பிறகு சோதிக்கிறதா? அப்புறம் சோதிச்சு என்னடா பிரயோசனம்?" என்றார். அவர் தமிழ் சரியாகத்தான் இருக்கிறது. காலத்தைப் பொறுத்தவரை தமிழில் போனது முன், வரப்போவது பின். முன்னோர், முன்னொரு காலம், பத்து வருஷத்துக்கு முன்னால், பின்னாளில், பின்விளைவு. அடுத்த மாதத் தேதி போட்டுக் கொடுப்பது பின்தேதியிட்ட காசோலை. ஜனவரியிலிருந்து கணக்கிட்டு ஏப்ரலில் தரும் அகவிலைப்படியை 'முன்தேதியிட்டு' என்றுதான் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ஆங்கிலத்தின் 'பேக்' நேர் எதிர்த் திசையில் கை காட்டுகிறது. அதை அப்படியே 'பின்' ஆக்கினால் சோதனை நாளைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

சரி, 'முன்சோதனை' என்று திருப்பிப் போடலாமா? அது வெள்ளோட்டம் ஆகிவிடும். 'வரலாற்றுச் சோதனை' என்றால் எனக்குப் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைதான் நினைவுக்கு வருகிறது. 'பின்னோக்கிச் சோதித்தல்' பரவாயில்லை, கடந்ததைத் திரும்பிப் பார்ப்பது என்ற திசையாவது சரி. ஆனால் எதைச் சோதிக்கிறோம் என்று அது சொல்லவில்லை. 'சோதனை' வடமொழி, 'பின்னாய்வு' என்போம் என்று தனித்தமிழ் அன்பர்கள் வருவார்கள். 'பின்'னை வைத்துக்கொண்டு சோதனையை மட்டும் சுத்தம் செய்து என்ன ஆகப் போகிறது? இவற்றுக்கெல்லாம் மேலே, ஒரு செயலியின் தமிழ்ப் பக்கத்தில் 'முதுகுச் சோதனை' என்றே கண்டேன். மொழிபெயர்த்த இயந்திரத்தை மன்னிக்கலாம். அதைப் படித்துப் பார்க்காமலே வெளியிட்டவரை எப்படி மன்னிப்பது?

என் ஓட்டு 'பழந்தரவுச் சோதனை'க்கு. பழந்தமிழ், பழங்கதை போலப் பழந்தரவு. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். பேச்சில் 'பேக்டெஸ்ட் போட்டுப் பார்த்தேன்' என்பதை யாரும் விடப்போவதில்லை, விடவும் வேண்டாம். எழுதும்போதாவது பொருள் தெரியட்டும். பழந்தரவு என்று எழுதியவுடன், எந்தத் தரவு, யார் பட்டியல் என்ற கேள்வி தானாக எழும்.

அந்தக் கேள்வியில்தான் பணமே இருக்கிறது. தேசியப் பங்குச் சந்தையின் முன்னணி 50 பங்குகள் அடங்கிய நிஃப்டி 50-இன் இன்றைய பட்டியலை எடுத்து 2008 முதல் ஓட்டினால் எந்த விதியும் ஜொலிக்கும். அன்று அதே நிஃப்டியில், பின்னாளில் வீழ்ந்த சத்யமும் யூனிடெக்கும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் இருந்தன. 2009 ஜனவரி 7 அன்று சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கு மோசடியை ஒப்புக்கொண்ட கடிதம் வெளிவந்தபோது, ஒரே நாளில் சத்யம் பங்கின் மதிப்பில் முக்கால்வாசிக்கு மேல் கரைந்தது. இன்றைய பட்டியலில் அந்த நாளே கிடையாது, பிழைத்தவை மட்டும்தான் உண்டு. மார்ச் 31-இல் முடியும் ஆண்டின் முடிவுகள் ஏப்ரல், மே மாதங்களில்தான் வெளிவரும். அவற்றை ஏப்ரல் முதல் தேதியே தெரிந்ததுபோல விதிக்குள் நுழைப்பது இன்னொரு திருட்டு. கடந்தகால லாபத்தைக் காட்டி அல்கோ விற்கும் தளங்களோடு தரகர்கள் சேரக்கூடாது என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2022 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டது சும்மா இல்லை.

சித்தப்பாவிடம் புதுச் சொல்லைச் சொல்லி, அந்த யூடியூபரின் 20 பங்குப் பட்டியலையும் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இதுல செத்துப்போன கம்பெனி ஒண்ணுகூட இல்லையே?" என்றார்.